போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை, சார்ஜிங் நிலையம், ஃபீடர்: மூன்றையும் எந்தத் தரவால் கோப்பது?

வட்டச்சாலை (கேள்வி)

வணக்கம். ஒரு வட்டச்சாலைக்கான ஒருங்கிணைப்புத் திட்டம் பற்றிய கேள்வி இது. சாலையில் நான்கு விரைவு சார்ஜிங் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 120 கிலோவாட் டிசி (நேர்மின்னோட்ட) சார்ஜர் ஆறு, தனியாக ஒரு 630 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். நான்கு நிலையங்களும் இரண்டு 11 கேவி ஃபீடர்களிலிருந்து (துணைமின் நிலையத்திலிருந்து வரும் விநியோகத் தடங்கள்) மின்சாரம் எடுக்கின்றன. மாலை நெரிசலும் ஃபீடர்களின் உச்சச் சுமையும் ஒரே நேரத்தில் வருகின்றன.

இப்போது மூன்று தரப்பும் தனித்தனியே இயங்குகின்றன. ஃபீடர் நிறைந்தால் விநியோகக் கட்டுப்பாட்டு மையம் நிலையத்தின் வரம்பைக் குறைக்கிறது. சார்ஜிங் மெதுவாகி, வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வருகிறது. போக்குவரத்து அறை அதைக் கேமராவில் பார்த்து, மின்னணு அறிவிப்புப் பலகையில் அடுத்த நிலையத்தைக் காட்டுகிறது. சிறிது நேரத்தில் அந்த நிலையமும் நிரம்பி, அதன் ஃபீடரும் எல்லையைத் தொடுகிறது. பலகை மறுபடி மாறுகிறது. இப்படியே மாலை முழுவதும் ஊசலாட்டம்.

தெரிய வேண்டியவை: யார் யாருக்கு என்ன எண்ணைக் கொடுக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? சாலை மாதிரியையும் மின் மாதிரியையும் ஒன்றாக இணைத்துப் பெரிய உகப்பாக்கம் ஒன்றை ஓட்டுவது தேவைதானா? சார்ஜர் பக்கம் நடைமுறையில் எங்கே சிக்கும்? நெடுந்தூரப் பயணிகளும் நகர ஓட்டிகளும் கலந்தே வருகிறார்கள். டிப்போ பேருந்துகள் இந்தக் கணக்கில் இல்லை.

கேவிஏ

பெரிய உகப்பாக்கத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் அமைப்பில் இல்லாதது ஒரு பொது அலகு. மின்சாரத் தரப்பு கிலோவாட்டில் பேசுகிறது, போக்குவரத்து அறை மணிக்கு இத்தனை வண்டி என்று பேசுகிறது. நடுவில் மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. மாற்றும் கணக்கு ஒரே வரிதான்:

மணிக்கு எத்தனை வண்டி = வரம்பு (கிலோவாட்) × சார்ஜரின் செயல்திறன் (உள்ளே எடுப்பதில் வண்டிக்குப் போகும் பங்கு) ÷ ஒரு வண்டிக்கான யூனிட்

உங்கள் நிலையத்துக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டி சராசரியாக 40 யூனிட் ஏற்றி, 25 நிமிடம் கன்னை (சார்ஜரின் செருகியை) பிடித்து வைக்கிறது என்று கொள்ளுங்கள். அப்படியானால் அமர்வின் சராசரி 96 கிலோவாட். ஆறும் ஓடினால் 576. 95% செயல்திறனில் உள்ளீடு 606 கிலோவாட். பவர் ஃபேக்டர் (கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு) 0.98 என்றால் 619 கேவிஏ. டிரான்ஸ்ஃபார்மர் சரியாக நிரம்புகிறது. கன் எண்ணிக்கை அனுமதிக்கும் உச்சம் மணிக்கு 14.4 வண்டி.

விநியோக மையம் வரம்பை 450 கிலோவாட்டாக்கினால், 450 × 0.95 ÷ 40 = 10.7 வண்டி. மாலையில் மணிக்கு 12 வண்டி வருகிறது என்றால் 1.3 வண்டி மிஞ்சுகிறது. போக்குவரத்து அறைக்குப் போக வேண்டிய செய்தி "நிலையம் 2இல் 450 கிலோவாட்" என்பதல்ல, "நிலையம் 2, மாலை 6:00 முதல் 7:30 வரை, மணிக்கு 10.7 வண்டி" என்பது. இதை வைத்துத்தான் அவர்களால் ஏதாவது செய்ய முடியும்.

இரண்டாவது, வரம்பு திடீரென்று விழக்கூடாது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு 15 நிமிடத் துண்டுகளாக ஒரு உறை, அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உச்ச வரம்பு, வர வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விநியோக நிறுவனத்திலிருந்து சார்ஜிங் நிறுவனத்துக்கு இப்படிக் கொள்ளளவு முன்கணிப்பு அனுப்பவே ஓஎஸ்சிபி என்ற நெறிமுறை இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் எட்டு எண்கள் கொண்ட ஒரு கோப்பு போதும்.

உறை கொடுக்கும்போது எந்த வரம்பு எந்த வகை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எல்லா வரம்பும் ஒரே மாதிரி இறுக்கமானதல்ல. ரிலே (சுமை மிகுந்தால் தடத்தைத் துண்டிக்க வைக்கும் கருவி) துண்டிக்கும் அளவும் மின்னழுத்தமும் உடனடி எல்லைகள்; அங்கே பேரம் கிடையாது. ஒப்பந்தத் தேவை (இணைப்பு ஒப்பந்தத்தில் அனுமதித்த உச்சச் சுமை) 15 அல்லது 30 நிமிடச் சராசரி; ஒரு நிமிடம் தாண்டினால் அடுத்த நிமிடத்தில் ஈடுகட்டலாம். டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் மெதுவாகச் சூடேறும். விநியோக டிரான்ஸ்ஃபார்மருக்கு ஐஇசி 60076-7 என்ற சர்வதேசத் தரநிலை எடுத்துக்கொள்ளும் கால மாறிலி (எண்ணெய் எவ்வளவு மெதுவாகச் சூடேறும் என்பதன் அளவு) சுமார் 3 மணி நேரம். பகலில் பாதிச் சுமையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் மாலையில் ஒரு மணி நேரம் 110% போனால் ஹாட்ஸ்பாட் (சுருளின் மிகச் சூடான இடம்) வெப்பம் எல்லைக்குள்ளேயே நிற்கும். நாள் முழுக்க 100% ஓடிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அதே சலுகை இல்லை. சாதாரணக் காகிதக் காப்பில் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் முதுமை வேகம் இரட்டிப்பாகிறது.

பச்சைவிளக்கு

மேலே உள்ள கணக்கு சராசரிக்குச் சரி. ஆனால் வரிசை சராசரியால் வருவதில்லை, ஏற்ற இறக்கத்தால் வருகிறது. அதே ஆறு கன், அதே 25 நிமிடம், மின் வரம்பே இல்லை என்று வையுங்கள். மணிக்கு 12 வண்டி வந்தால் எர்லாங் சி என்ற வரிசைக் காத்திருப்புச் சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு சுமார் 15 நிமிடம். மணிக்கு 13 வந்தால் 32 நிமிடம். ஒரே ஒரு வண்டி கூடியதற்கு இரட்டிப்புக்கும் மேல். 14.4ஐத் தாண்டினால் சூத்திரத்துக்கு விடையே இல்லை. எனவே "10.7 வண்டி தாங்கும்" என்று வந்தால் அங்கே 10.7ஐ அனுப்பாதீர்கள். 85 சதவீதம், அதாவது 9 வண்டிதான் இலக்கு. (எர்லாங் சி நிலைத்த ஓட்டத்துக்கான சூத்திரம். இரண்டு மணி நேர உச்சத்துக்கு அது கொஞ்சம் மிகையாகக் காட்டும். இறுதி வடிவமைப்புக்கு நிகழ்வு வாரியான உருவகப்படுத்துதல் ஓட்டுங்கள். ஐநூறு வரி நிரலில் முடியும்.)

உங்கள் ஊசலாட்டத்தின் காரணம் தெளிவு: பலகை இப்போதைய நிலையைக் காட்டுகிறது, ஓட்டுநர் பிறகுதான் போய்ச் சேர்கிறார். பலகையிலிருந்து நிலையத்துக்கு 18 நிமிடம் என்று கொள்வோம். பலகை "3 கன் காலி" என்கிறது. மணிக்கு 12 என்ற வழக்கமான வரவிலேயே அந்த 18 நிமிடத்தில் 3.6 வண்டி உள்ளே போய்விடும். பலகையை நம்பித் திரும்பியவர்கள் அதற்கு மேல். முதல் ஆள் போய்ச் சேரும்வரை தரவில் எதுவும் மாறாது. ஆகவே பலகை 18 நிமிடமும் அதே செய்தியைக் காட்டி, ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

தீர்வு: வழியில் இருப்பவர்களையும் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு 5 நிமிடச் சுற்றிலும், ஒவ்வொரு நிலையத்துக்கும்,

சேரும்போது காலி = இப்போது காலி + அதற்குள் விடுபடும் கன் − ஏற்கெனவே வழியில் இருப்பவர்கள் − வரிசையில் நிற்பவர்கள்

ஐந்து கன் ஓடிக்கொண்டிருந்தால் 18 நிமிடத்தில் விடுபடுவது ஏறத்தாழ 5 × 18 ÷ 25 = 3.6. மின் வரம்பு இருந்தால் 25 நிமிடம் நீளும், விடுபடுவது குறையும். கேவிஏ சொன்ன உறை இந்த இடத்தில்தான் போக்குவரத்துக் கணக்குக்குள் நுழைகிறது. வழியில் இருப்பவர்களை நேரடியாக எண்ண முடியாது. பலகையைப் பார்த்து எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்பதை ஒரு விகிதமாக வைத்துக்கொண்டு (தொடக்கத்தில் 20% என்று ஊகித்தால் போதும்), நிலைய வரவைப் பார்த்து வாராவாரம் திருத்துங்கள். செயலியில் முன்பதிவு செய்தவர்கள் உறுதியான எண்ணிக்கை. அவர்களை ஊகத்தோடு கலக்காதீர்கள், இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

எல்லோரையும் ஒரே நிலையத்துக்கு அனுப்பவும் கூடாது. செயலி வழிகாட்டுதலில் "மிகச் சிறந்த நிலையம்" ஒன்றை மட்டும் காட்டினால் கூட்டம் அப்படியே இடம் மாறும். காத்திருப்பையும் பயண நேரத்தையும் கூட்டி, வித்தியாசத்துக்கு ஏற்ற விகிதத்தில் இரண்டு மூன்று நிலையங்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள். பலகைச் செய்தியை மாற்றக் குறைந்தது 10 நிமிட இடைவெளி வையுங்கள். "நிரம்பியது" என்று காட்டத் தொடங்கும் எல்லையும் அதை நீக்கும் எல்லையும் வேறுவேறாக இருக்கட்டும்: காத்திருப்பு 20 நிமிடம் தாண்டினால் காட்டு, 10க்குக் கீழே வந்தால் நீக்கு.

இன்னொன்று பலருக்குக் கவனத்தில் இருப்பதில்லை. திருப்பிவிடும் வண்டிகளால் சாலையில் நெரிசல் கூடும் என்று பெரிய சாலை மாதிரியெல்லாம் போடுகிறார்கள். மணிக்கு ஒன்றிரண்டு வண்டி இடம் மாறினால் 1,800 வண்டி போகும் தடத்தில் எதுவும் தெரியாது. சாலைக்குப் பாதிப்பு ஒரே இடத்தில்தான்: வாசலைத் தாண்டி நிற்கும் வரிசை. ஒரு வண்டிக்கு 7 மீட்டர். வாசலுக்குள் 35 மீட்டர் இடம் இருந்தால் ஆறாவது வண்டி சாலையில் நிற்கிறது, ஒரு தடம் அடைகிறது. ஆகவே நுழைவுப் பாதையின் நடுவில் ஒரு லூப் (தரையில் புதைத்து வண்டியை உணரும் கம்பிச் சுருள்), வாசல் ஓரத்தில் ஒரு லூப் போடுங்கள். நடு லூப் 60 விநாடி தொடர்ந்து மூடியிருந்தால் திருப்பிவிடத் தொடங்கு. வாசல் லூப் 30 விநாடி மூடியிருந்தால் முந்தைய சந்திப்பின் பலகையில் "நிலையம் மூடப்பட்டது" என்று போடு. கேமராவில் ஆள் பார்த்துச் சொல்வதைவிட இது நிச்சயம்.

எதிர்த் திசைத் தரவுதான் உண்மையில் மதிப்பு மிக்கது. சாலை மின்சாரத்துக்குச் சொல்ல வேண்டியது நிறைய. ஓர் உதாரணம்: இரண்டு தடச் சாலை, மணிக்கு 1,500 வண்டி, மின்வாகனப் பங்கு 8%, அதில் 10% பேர் இந்த நிலையத்தில் நிற்கிறார்கள். கிடைப்பது அதே 12. விபத்தில் சாலை 40 நிமிடம் முழுதாக மூடுகிறது. 1,000 வண்டி தேங்குகிறது. திறந்ததும் மணிக்கு 3,400 என்ற வேகத்தில் வெளியேறுகிறது. தேக்கம் கரைய 32 நிமிடம் ஆகும். அந்த 32 நிமிடமும் நிலையத்துக்கு வரவு மணிக்கு 27 வண்டி என்ற வேகத்தில் இருக்கும். 450 கிலோவாட் வரம்பும் அதே நேரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 9 வண்டி வரிசை, 61 மீட்டர்.

இதில் ஏமாற்றுவது அதற்கு முந்தைய 40 நிமிடம். நிலையம் காலியாகிறது, ஃபீடர் சுமை இறங்குகிறது. மின்சாரத் தரப்பு இதைப் பார்த்துத் தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அந்த இடத்தை வேறு சுமைக்குக் கொடுத்துவிடும். தேவை குறையவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. சாலை மூடல் பதிவான அந்த நிமிடமே முன்கணிப்பு விநியோக மையத்துக்குப் போக வேண்டும். நெரிசலில் குளிரூட்டி ஓடுவதால் கூடும் தேவையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 1.5 கிலோவாட்டில் அரை மணி என்றால் முக்கால் யூனிட்தான்.

சிக்னல் சுழற்சியை மின் சுமையோடு இணைப்பது பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. 90 விநாடிச் சுழற்சியும் 25 நிமிட அமர்வும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதற்கு நேரம் செலவிடாதீர்கள்.

நெறிமுறை

சார்ஜர் பக்கம் எங்கே சிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சார்ஜரும் மையக் கணினியும் பேசிக்கொள்ளும் நெறிமுறை பெரும்பாலும் ஓசிபிபி 1.6 ஆக இருக்கும், அல்லது 2.0.1. இரண்டிலும் செட்சார்ஜிங்புரொஃபைல் கட்டளைதான் வரம்பை ஒரு புரொஃபைலாக (நேர அட்டவணையாக) கொண்டுபோகும்.

முதல் சிக்கல்: 1.6இல் சார்ஜ்பாயிண்ட்மேக்ஸ்புரொஃபைல் என்பது ஒரு சார்ஜருக்கான உச்சம் (கனெக்டர் எண் 0க்கு, அதாவது சார்ஜர் முழுமைக்கும், மட்டுமே போடலாம்). ஆறு தனிச் சார்ஜர் உள்ள நிலையத்துக்கு மொத்த வரம்பு என்ற ஒன்று நெறிமுறையில் கிடையாது. 450ஐ ஆறால் வகுத்து ஆளுக்கு 75 என்று போட்டால் வீண். 80 சதவீதத்தைத் தாண்டிய வண்டி 40 கிலோவாட்தான் இழுக்கும், மீதி 35 யாருக்கும் பயன்படாது. பக்கத்தில் காலி பேட்டரியோடு வந்தவர் 75இல் முடங்கிக் கிடப்பார். மெயின் பேனல் இன்கமரில் (நிலையத்துக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில்) ஒரு மீட்டர், அதைப் படித்து விநாடிக் கணக்கில் பகிர்ந்தளிக்கும் உள்ளூர்க் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, இவை கட்டாயம். மேகக் கணினி 15 நிமிட உறையை மட்டும் அனுப்பட்டும். பகிர்வு அந்த இடத்திலேயே நடக்கட்டும்.

இரண்டாவது: அட்டவணை முடிந்தால் என்ன ஆகும்? ஒரு புரொஃபைலின் கால அளவு தீர்ந்ததும் சார்ஜர் அடுத்த கீழ் ஸ்டாக்லெவலுக்கு (புரொஃபைல்களின் முன்னுரிமை எண்) போகும். கீழே ஒன்றும் இல்லையென்றால் முழுத் திறன். இணைப்பு அறுந்த நேரத்தில் ஆறு சார்ஜரும் ஒரே விநாடியில் 120க்குத் தாவும். எனவே ஸ்டாக்லெவல் 0இல் காலாவதியே இல்லாத அடிப்படை வரம்பு ஒன்றை நிரந்தரமாக வையுங்கள், உதாரணமாக 60 கிலோவாட். ஆறும் சேர்ந்து 360, உள்ளீட்டில் 379. எந்த உறைக்கும் உள்ளே அடங்கும்.

மூன்றாவது: வரம்பு எண் உள்ளீடா வெளியீடா? டிசி சார்ஜர்களில் சில ஒருவிதமாகவும் சில வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்கின்றன. 450 என்று போட்டு இன்கமர் மீட்டரைப் பாருங்கள். 474 காட்டினால் அந்தச் சார்ஜர் வெளியீட்டைத்தான் அளக்கிறது. அலகும் கவனம்: டிசிக்கு வாட், ஏசிக்கு (மாறுமின்னோட்டத்துக்கு) ஆம்பியர் என்று வைத்தால் குழப்பம் குறையும். எல்லா நேரமும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்). உள்ளூர் நேரத்தில் எழுதிய ஒரு அட்டவணை கலந்தாலும் உச்ச நேரக் கட்டுப்பாடு வேறு நேரத்தில் விழும்.

நான்காவது: பூஜ்ஜியம் கொடுக்காதீர்கள். டிசியில் மின்னோட்டம் பூஜ்ஜியமானால் பல வண்டிகள் அமர்வையே முடித்துவிடும், ஓட்டுநர் இறங்கி வந்து மறுபடி செருக வேண்டும். ஏசியில் ஐஇசி 61851-1 தரநிலைப்படி கீழ் எல்லை 6 ஆம்பியர். வண்டிக்கு வரம்பைச் சொல்லும் கன்ட்ரோல் பைலட் சமிக்ஞையில் அது துடிப்பின் 10% அகலம். அதற்குக் கீழ் என்றால் நிறுத்தம், நிறுத்திய வண்டிகளில் சில தூங்கிப்போய் எழாது. குறைக்க வேண்டுமானால் எல்லோருக்கும் குறைந்தபட்சம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதியைப் பகிருங்கள்.

பச்சைவிளக்கின் சூத்திரத்துக்குக் காலி எண்ணிக்கை எங்கிருந்து வரும்? ஸ்டேட்டஸ்நோட்டிஃபிகேஷன் செய்தியிலிருந்து. 1.6இல் "ஃபினிஷிங்" என்ற நிலை உண்டு: சார்ஜ் முடிந்தது, வண்டி இன்னும் செருகியபடி நிற்கிறது. இதைக் காலி என்று எண்ணுகிற டாஷ்போர்டுகள் நிறைய, எண்ணக் கூடாது. 2.0.1இல் கனெக்டர் நிலை வெறும் "ஆக்யுபைட்" என்று வரும். சார்ஜ் நடக்கிறதா என்பதைப் பரிவர்த்தனைச் செய்தியில் தேட வேண்டும். வண்டியின் பேட்டரி சதவீதம் டிசியில் மீட்டர்வேல்யூஸ் வழியே கிடைக்கும், ஏசியில் வழக்கமாகக் கிடைக்காது. விடுபடும் நேரத்தை அமர்வுக் கால சராசரியால் கணிப்பதைவிடச் சதவீதத்தை வைத்துக் கணிப்பது மிகத் துல்லியம். வெளியாருக்கு நிலையத் தரவு கொடுக்க ஓசிபிஐ என்ற நெறிமுறை, போக்குவரத்து மையங்களுக்கு இடையே டேடெக்ஸ் 2 என்ற தரவுத் தரநிலை, இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம்.

கடைசியாக, மின்தடைக்குப் பிறகான நொடி. மின்சாரம் திரும்பியதும் 24 சார்ஜரும் ஒன்றாக எழுந்தால் ஃபீடர் மறுபடி விழலாம். ஒவ்வொன்றுக்கும் தற்செயலான தாமதம் வையுங்கள். பிரிட்டனில் 2022 ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்த வீட்டு, பணியிட சார்ஜர் விதிகள் 600 விநாடி வரை தற்செயல் தாமதம் கேட்கின்றன. விரைவு நிலையத்துக்கு அவ்வளவு வேண்டாம், 60 முதல் 120 விநாடிக்குள் சிதறினால் போதும்.

வட்டச்சாலை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, வரிசை சாலைக்கு வந்துவிட்டால் அது பாதுகாப்புப் பிரச்சினை. அப்போது டிரான்ஸ்ஃபார்மரின் வெப்ப இடைவெளியைப் பயன்படுத்தி அரை மணி நேரம் கூடுதல் மின்சாரம் கேட்கலாமா? இரண்டு, விலையை ஏற்றி இறக்கிக் கூட்டத்தை நகர்த்துவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கேவிஏ

முதலாவதற்குக் கணக்கே பதில். 450இலிருந்து 550ஆக அரை மணி நேரம்: 100 × 0.5 × 0.95 = 47 யூனிட். ஒரு வண்டி, கொஞ்சம் மிச்சம். ஒன்பது வண்டி வரிசையில் ஒன்றைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரைச் சூடேற்றுவது வீண். அதே நேரத்தில் ஒரு வண்டிக்கான யூனிட்டைக் குறைத்துப் பாருங்கள். உச்ச நேரத்தில் 80 சதவீதத்தில் நிறுத்தினால் சராசரி 40இலிருந்து 32க்கு இறங்கலாம்; 427 ÷ 32 = மணிக்கு 13.3 வண்டி. ஒரு கிலோவாட் கூடக் கேட்காமல் 10.7 என்பது 13.3 ஆகிறது. 80க்கு மேல் மின்னோட்டம் குறைந்து இழுத்துக்கொண்டே போகும் நிமிடங்களும் மிச்சம். வண்டிகளைத் திருப்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. நெடுந்தூரம் போகிறவருக்கு 80 போதாமல் இருக்கலாம். முன்பதிவில் அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு விலக்குக் கொடுங்கள்.

நிரந்தரமாகவே 450தான் என்றால் பேட்டரி யோசியுங்கள். 12 வண்டிக்குத் தேவை 480 ÷ 0.95 = 505 கிலோவாட்; பற்றாக்குறை 55; மூன்று மணி நேரத்துக்கு 165 யூனிட். 200 யூனிட் பேட்டரி அலமாரி ஒன்று போதும். பலர் நிலையத்தின் முழுத் திறனுக்கு அளவெடுத்து மெகாவாட் கணக்கில் கேட்டுத் திட்டத்தையே கைவிடுகிறார்கள்.

திருப்பிவிடும்போது மின்னழுத்தத்தை மறக்க வேண்டாம். ஃபீடர் தொடக்கத்தில் இருந்த 500 கிலோவாட்டை 6 கிலோமீட்டர் தள்ளிக் கடைசி முனைக்கு நகர்த்தினால்: கிலோமீட்டருக்கு 0.3 ஓம் மின்தடை, 0.35 ஓம் ரியாக்டன்ஸ் என்றால் மொத்தம் 1.8, 2.1. க்யூ (ரியாக்டிவ் மின்திறன், அதாவது வேலை செய்யாமல் வந்துபோகும் பங்கு) ஏறத்தாழ 0.1 மெகாவார். (1.8 × 0.5 + 2.1 × 0.1) ÷ 11 = 0.10 கேவி, சுமார் 0.9%. கடைசி முனை ஏற்கெனவே எல்லையில் இருந்தால் இந்த 0.9% போதும் கெடுக்க. பாரனும் வூவும் 1989இல் கொடுத்த, விநியோகத் தடத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் டிஸ்ட்ஃப்ளோ சமன்பாட்டின் நேரியல் வடிவத்தில் ஃபீடர் முழுவதையும் ஒரு விரிதாளில் போட்டுவிடலாம்.

பச்சைவிளக்கு

விலை நாள் அளவில் நன்றாக வேலை செய்யும். மாலை 6 மணிக்கு வருகிறவரை மதியத்துக்கு நகர்த்த முன்கூட்டியே அறிவித்த நேரவாரி விலை ஏற்றது. நிமிட அளவில் விலையை மாற்றினால் நான் மேலே சொன்ன அதே ஊசலாட்டம்தான் விலை வடிவில் வரும்: சேரும்போது விலை மாறியிருக்கும், நம்பிக்கை போய்விடும். அந்த நேரத்துக்குள் விலையை நிலையாக வைத்து, காத்திருப்பு நேரத்தை மட்டும் காட்டுங்கள். செருகிய நேரத்தின் விலை அந்த அமர்வு முடியும்வரை மாறக் கூடாது.

மாதிரியில் விலை மூலம் இரு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தீர்க்கும்போதும் இதே பிரச்சினை வரும். சாலை ஒதுக்கீடு, சுமை, விலை, மறுபடி ஒதுக்கீடு என்று சுற்றினால் கணிப்பு இரண்டு விடைகளுக்கு நடுவே துள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய விடையை முழுதாக எடுக்காமல் 1/k பங்கு மட்டும் (k என்பது எத்தனையாவது சுற்று) கலந்தால் அடங்கும்.

குறைந்த சார்ஜில் வருகிறவரைப் பலகையால் அடையாளம் காண முடியாது. 8 கிலோமீட்டர் சுற்று என்றால் 1.4 யூனிட்; பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை, 3 சதவீதத்தில் வருகிறவருக்கு நடுச்சாலை. ஆகவே "நிலையம் மூடப்பட்டது" என்ற நேரத்திலும் ஒரு கன்னை அவசரத்துக்கென்று வையுங்கள், 10 யூனிட் ஏற்றி அனுப்பிவிடலாம்.

நெறிமுறை

நேரடியாக இயக்கத் தொடங்கும் முன் நிழல் ஓட்டம் அவசியம். கணினி முடிவெடுக்கட்டும், பலகைக்கும் சார்ஜருக்கும் போக வேண்டாம்; கணித்த வரவையும் உண்மை வரவையும் 15 நிமிடத் துண்டுகளில் ஒப்பிடுங்கள். வார நாள், வார இறுதி, ஒரு சாலை மூடல் மூன்றும் அதில் வந்திருக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே இணைப்பை அறுத்துப் பாருங்கள்: உறை வராவிட்டால் 30 நிமிடம் பழைய உறை, அதற்குப் பின் அடிப்படை 60 கிலோவாட். போக்குவரத்துத் தரவு வராவிட்டால் அதே வார நாளின் பழைய வரவு. இணைப்பு போனதென்று பலகை காலியாகக் கூடாது. காத்திருப்பு எண்ணை நீக்கிவிட்டு நிலையத்தின் தூரத்தை மட்டும் காட்டட்டும்.

கேவிஏ

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டது: நிலையம் எந்த ஃபீடரில் என்ற அட்டவணை. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிலையங்கள் வெவ்வேறு ஃபீடரில் இருக்கலாம். எதிரெதிர் ஓரத்தில் இருப்பவை ஒரே ஃபீடரில் இருக்கலாம். இரண்டு ஃபீடரும் ஒரே பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தால், வரம்பு அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும்போது வண்டிகளை எங்கே திருப்பினாலும் பயனில்லை. இரண்டு ஃபீடருக்கு நடுவே வழக்கமாகத் திறந்திருக்கும் சுவிட்சைப் பராமரிப்புக்காக மூடினால் நிலையம் 3 ஒரு மாலைக்கு மட்டும் அடுத்த ஃபீடருக்கு மாறிவிடும். உங்கள் கணினி பழைய அட்டவணைப்படி நிறைந்த ஃபீடருக்கே வண்டிகளை அனுப்பும். அட்டவணையைக் கையால் எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொரு 15 நிமிட உறையிலும் எட்டு எண்களோடு அந்த நேரத்தின் ஃபீடர் பெயரையும் மேலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் பெயரையும் விநியோக மையமே சேர்த்து அனுப்பட்டும். இரண்டில் ஒன்று மாறியிருந்தால் போக்குவரத்து அறையில் எச்சரிக்கை எழ வேண்டும்.